மலையில் ஆபத்து வந்தால் உடம்பு எதற்குத் தயாராக இருக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை தாலுகாக்களில் லயங்களிலும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஏலத்தோட்டங்களிலும் குடியிருப்பவர்களுக்கும், போடி, தேவாரம், கம்பம் பக்கமிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி வேலைக்கு வருபவர்களுக்கும் இந்தப் பக்கம். வால்பாறை, கூடலூர்க்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தினமும் ஏறி இறங்கித்தான் கொழுந்து எடுக்கிறோம். இதற்கு மேல் தனியாக உடற்பயிற்சி எதற்கு?

கொழுந்து எடுப்பவரின் காலுக்கு இருக்கும் பழக்கம் நகரத்தில் பணம் கட்டிப் பயிற்சி செய்பவருக்கும் வராது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வேலை என்பது பகல் வெளிச்சத்தில், தெரிந்த தடத்தில், ஒரே சீரான வேகத்தில் நடப்பது. ஆபத்து அப்படி வராது. நடுராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து, கரண்டு இல்லாமல், மழையில், ஒரு கையில் பிள்ளையையும் இன்னொரு கையில் பையையும் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் மேட்டில் ஏற வேண்டியிருக்கும்.

எதைப் பழக்கினோமோ அதைத்தான் உடம்பு செய்யும். தோட்ட வேலையில் பழகாமல் விட்டுப்போவது நான்கு: இரு கையாலும் கனத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பிடிபலம், இருபது முப்பது விநாடி முழு வேகம், தரையிலிருந்து கை ஊன்றாமல் எழும் பலம், இருட்டில் கால் நிதானம். சுமையை எப்போதும் ஒரே பக்கம் தூக்கித் தூக்கி முதுகு ஒருபுறம் இறுகியும் போயிருக்கும். ஃபேக்டரியில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கும், ஜீப் ஓட்டுநர்களுக்கும், ஓய்வுபெற்ற பிறகும் லயத்திலேயே இருப்பவர்களுக்கும் மலையேறும் பழக்கம்கூட மெல்ல மெல்லப் போய்விடுகிறது. எங்களுக்கு அதிகக் கவலை இவர்களைப் பற்றித்தான்.

எவ்வளவு பலம் இருந்தால் போதும்? வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். கடிகாரமும் ஒரு மர நாற்காலியும் போதும்.

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை மார்பில் குறுக்காகக் கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். முதியோர் விழுந்துவிடும் அபாயத்தைப் பார்க்க மருத்துவர்கள் செய்யும் சோதனை இதுதான். 60 முதல் 64 வயதில் ஆண் 14-க்கும் பெண் 12-க்கும் குறைந்தால் கால் பலம் சராசரிக்குக் கீழே. 65 முதல் 69 வரை ஆணுக்கு 12, பெண்ணுக்கு 11. 70 முதல் 74 வரை 12, 10. நாற்பதுக்கு உட்பட்டவர் 20 முறையாவது எழ வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் அளவு.

அடுத்து, ஒரு காலின் குதிகாலை மறு காலின் பெருவிரலோடு ஒட்டி ஒரே கோட்டில் நில்லுங்கள். 10 விநாடி ஆடாமல் நிற்க வேண்டும். அது எளிதாக இருந்தால் ஒற்றைக் காலில் 10 விநாடி.

மூன்றாவது, 10 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு. கைக்கு ஒன்றாகப் பிடித்து, கீழே வைக்காமல் 50 மீட்டர் நடந்து பாருங்கள். மூச்சுக்கு முன்னால் விரல் சோர்ந்துபோனால் குறை பிடிபலத்தில் இருக்கிறது. அது ஒரே மாதத்தில் தேறிவிடும்.

கடைசிச் சோதனைதான் முக்கியமானது. உங்கள் லயத்திலிருந்து பாதுகாப்பான மேட்டுக்கு ஒருநாள் பகலில் நடந்து நேரம் குறியுங்கள். மலை நடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம். 300 மீட்டர் தூரம், 60 மீட்டர் உயரம் என்றால் சுமார் 10 நிமிடம். இருட்டு, மழை, குழந்தை என்று வரும்போது அதை இரட்டிப்பாக்குங்கள். அந்த இருபது நிமிடம் கையில் இருக்கும்போதே கிளம்ப வேண்டும்.

உருள்பொட்டல் (நிலச்சரிவு) வந்தால் ஓடித் தப்பிக்க முடியுமா?

முடியாது. சேறும் பாறையும் மரமும் சேர்ந்து ஓடைவழி வரும் உருள், மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேலும் பாயும். உலகத்தின் எந்த ஓட்டக்காரனும் அதை முந்த முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை பெட்டிமுடியில் 70 பேரை இழந்தோம். லயங்கள் மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டி இருந்தன, ஜனங்கள் தூங்கப் போயிருந்தார்கள், வெளியே தகவல் சொல்லத் தொடர்பில்லை. 2024 ஜூலை 30 வயநாடு முண்டக்கை, சூரல்மலையிலும் விடியுமுன்தான் உருண்டது. உயிர் தப்புவது உருள் வருவதற்கு முன்னால் வீட்டை விட்டு நடப்பதில்தான் இருக்கிறது. உடம்புத் தெம்பு அங்கேதான் உதவுகிறது. "இந்த மழையில் அம்மாவை எப்படி நடத்திக் கூட்டிப் போவது, விடியட்டும்" என்று நினைக்கும் வீடுதான் கிளம்பாமல் இருந்துவிடுகிறது. தூக்கிப் பழகிய வீடு சாயங்காலமே கிளம்பிவிடும்.

மழையை நீங்களே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் அளந்து கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தைத்தான் நாளின் கணக்காக எடுக்கிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. கேரளத்தில் இந்த மூன்றுக்கும் முறையே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை. வாளியை வைத்து அளக்காதீர்கள். அது மேலே அகன்று கீழே குறுகியிருப்பதால் கணக்கு தப்பாகும்.

நாலைந்து நாள் விடாமல் பெய்து மண் ஊறிய பிறகு, வழக்கமில்லாத இடத்தில் புது ஊற்று கிளம்புவது, ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது குறைவது, கதவு நிலையில் இறுகி மூடாமல் போவது, தரையில் புது விரிசல், மரம் சாய்வது, மேலே கல் உருளும் முழக்கம், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கேட்டாலும் போதும், கிளம்பிவிடுங்கள். ஓடையின் போக்கிலேயே கீழே ஓடாதீர்கள். ஓடைக்குக் குறுக்காக விலகிப் பக்கத்து மேட்டில் ஏறுங்கள். பாலத்தைக் கடக்குமுன் மேல்பக்கம் பாருங்கள்.

மலையாள அறிவிப்பில் "மாறி தாமசிக்கணும்" என்று வந்தால் வீட்டைக் காலி செய்து முகாமுக்குப் போகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நடக்க முடியாத பெரியவரை எப்படித் தூக்குவது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். முதலுதவிப் படங்களில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று கைகளைக் கோத்துத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக்குள் போகும் ஒற்றையடித் தடத்தில் அது நடக்காது. முன்னும் பின்னுமாகத்தான் தூக்க வேண்டும்.

ஆள் 45 கிலோவுக்குள் இருந்து, உங்களைப் பிடித்துக்கொள்ளக் கையில் பலமும் இருந்தால் உப்புமூட்டைதான் சிறந்தது. கைப்பிடியை மட்டும் நம்பினால் ஐம்பது அடிக்குள் நழுவும். பெட்ஷீட்டை ஒரு முழ அகலத்துக்கு மடித்து, பெரியவரின் புட்டத்துக்கு அடியில் சுற்றி, இரண்டு முனையையும் உங்கள் இடுப்புக்கு முன்னால் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். கனம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கும். தரையில் இருப்பவரை அப்படியே முதுகில் ஏற்ற முயலாதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்வது அங்கேதான். திண்ணையிலோ கட்டிலிலோ உட்கார வைத்து, அவருக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று, முழங்காலை மடக்கி ஏற்றுங்கள்.

கனமானவருக்கு மர நாற்காலி. உட்கார வைத்து இடுப்பையும் மார்பையும் வேட்டியால் நாற்காலியோடு கட்டி, ஒருவர் சாய்மானத்தையும் இன்னொருவர் முன்கால்களையும் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி கூடாது. தூக்கும்போது அதன் கால் விரிந்து உடையும்.

மயங்கியவருக்கும் கால் முறிந்தவருக்கும் டோலி. மணிக்கட்டுப் பருமனில் இரண்டேகால் மீட்டர் மூங்கில் இரண்டு, கனமான கம்பளி ஒன்று. கம்பளியை விரித்து மூன்றில் ஒரு பங்கு இடத்தில் முதல் மூங்கிலை வைத்து, அந்தப் பங்கை அதன்மேல் மடியுங்கள். மடித்த ஓரத்துக்கு ஒரு சாண் உள்ளே இரண்டாவது மூங்கிலை வைத்து, மிச்சத்தை அதன்மேல் மடியுங்கள். படுப்பவரின் கனமே கம்பளியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், முடிச்சு தேவையில்லை. நோயாளியை ஏற்றுமுன் நல்ல உடம்புக்காரர் ஒருவரைப் படுக்க வைத்து முழங்கால் உயரம் தூக்கிச் சோதித்துவிடுங்கள். நனைந்து மக்கிய மூங்கில் நடுவழியில் முறியும். ஏறும்போதும் இறங்கும்போதும் தலை மேட்டுப் பக்கமே இருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். நான்கு பேர் தூக்க, இரண்டு பேர் மாற்றுக்கு, ஆக ஆறு பேர். கை மரத்த பிறகு மாறலாம் என்று விட்டால் மாறும் நேரத்திலேயே டோலி விழும்.

ஆனி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்காரர்கள் சேர்ந்து, 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை டோலியில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். யாரால் முடியும், யார் எங்கே வழுக்குகிறார் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அவசரப் பையில் எத்தனை கிலோ இருக்கலாம்?

உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. பிள்ளையைத் தூக்குகிறவருக்குப் பையே வேண்டாம், மற்றவர் பிரித்துக்கொள்ளட்டும். தண்ணீர் 2 லிட்டர், அதிலேயே 2 கிலோ போயிற்று. ஏழு நாள் மாத்திரை, டார்ச், விசில், தீப்பெட்டி, ஆதார், ரேஷன் கார்டு, சர்வீஸ் புத்தகம், ஒரு செட் உலர்ந்த துணி. தாள்களை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டுங்கள். பை முதுகில் இரு தோளிலும் மாட்டுவதாக இருக்கட்டும். ஒற்றைத் தோள் பை இறக்கத்தில் ஆடி ஆளைச் சாய்த்துவிடும். டார்ச் நெற்றியில் கட்டுவதாக இருந்தால் இரு கையும் காலியாக இருக்கும். இதற்குச் செலவழிப்பதில் கஞ்சம் பார்க்காதீர்கள்.

யானை துரத்தினால் எவ்வளவு தூரம் ஓட வேண்டும்?

கணக்காகவே பார்ப்போம். யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும், அதாவது விநாடிக்கு 7 மீட்டர். ரப்பர் பூட்ஸ் போட்ட நல்ல உடம்புக்காரர் ஈரத் தடத்தில் விநாடிக்கு 4 மீட்டர் ஓடினாலே பெரிது. இடைவெளி விநாடிக்கு 3 மீட்டர் குறையும். 30 மீட்டரில் துரத்த ஆரம்பித்தால் 10 விநாடியில் எட்டிப் பிடித்துவிடும். அதற்குள் நீங்கள் 40 மீட்டர் போயிருப்பீர்கள். ஆக, 40 மீட்டருக்குள் லயமோ, ஜீப்போ, யானை நுழைய முடியாத பாறை இடுக்கோ இருந்தால் மட்டுமே ஓட்டம் காப்பாற்றும். "இறக்கத்தில் யானையால் ஓட முடியாது" என்பதை நம்பி யாரும் உயிரை விட வேண்டாம். அது சரிவிலும் நன்றாகவே இறங்கும்.

அதனால் பயிற்சி காலுக்கு மட்டும் போதாது, காதுக்கும் வேண்டும். விடியற்காலையிலும் அந்தி மயங்கும்போதும் காதில் பாட்டு வேண்டாம். பலாப்பழ மணம், ஒடியும் கிளைச் சத்தம், புதுச் சாணம் இருந்தால் திரும்பிவிடுங்கள். பார்த்துவிட்டால் சத்தம் போடாமல், பின்வாங்கி, வந்த வழியே போங்கள். வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியிலும், உயரத்தில் எரியும் சிவப்பு விளக்கிலும் தெரிவிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடக்கிறது. சிவப்பு எரிந்தால் குறுக்கு வழியை மறந்துவிடுங்கள்.

சிறுத்தை? காட்டுமாடு?

சிறுத்தையிடம் ஓடவே கூடாது, குனியவும் கூடாது. ஓடுவது இரை, குனிந்தது சின்ன மிருகம் என்று அதற்குத் தோன்றும். நிமிர்ந்து, கையை உயர்த்தி, முகத்தை அதன் பக்கமே வைத்து மெல்லப் பின்வாங்குங்கள். பிள்ளைகளை இருட்டியபின் வாசலில் தனியே விட வேண்டாம். காட்டுமாட்டுக்கு வழி விட்டு, மரத்துக்குப் பின்னால் ஒதுங்குங்கள்.

பாம்பு கடித்தவர் தெம்பாக இருந்தால் ஓடி ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

கூடாது. தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும். கடிபட்ட கையையோ காலையோ பலகை வைத்து அசையாமல் கட்டி, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, மேலே சொன்ன டோலியில் தூக்கிப் போங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கேடு. பச்சிலையில் நேரத்தைப் போக்காமல், விஷமுறிவு ஊசி இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று இன்றே கேட்டு வையுங்கள்.

காட்டுத்தீயில் எந்தப் பக்கம் ஓடுவது?

மேலே ஓடாதீர்கள். சரிவு 10 டிகிரி கூடினால் ஏறும் தீயின் வேகம் இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பாளர் கணக்கு. நம் வேகமோ ஏற்றத்தில் பாதியாகிறது. 2018 மார்ச் 11 குரங்கணியில் காய்ந்த புல்சரிவில் தீ பிடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீக்குப் பக்கவாட்டில் விலகி, வெறும் பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து கரியான தரைக்கோ போங்கள். நைலான், பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டும். மாசி, பங்குனியில் மலைக்குப் பருத்தித் துணியே உடுத்துங்கள்.

ஆற்றைக் கடக்க நீச்சல் தெரிந்தால் போதாதா?

மழைவெள்ளத்தில் நீச்சல் உதவாது. வேகமான தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழத்திலேயே பெரிய ஆளைச் சாய்க்கும். 60 சென்டிமீட்டரில் ஜீப்பே மிதக்கும். காத்திருங்கள் அல்லது சுற்றிப் போங்கள்.

என்ன பயிற்சி, எத்தனை நாள்?

தை பிறந்ததும் தொடங்கினால் தென்மேற்குப் பருவமழைக்கு முன் தாராளமாகப் பன்னிரண்டு வாரம் கிடைக்கும்.

முதல் நான்கு வாரம்: வாரத்தில் மூன்று நாள், 20 நிமிடம் ஏற்ற நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். இரண்டு நாள் நாற்காலியில் எழுந்து உட்காருவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை, இரண்டையும் மூன்று சுற்று. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள்.

அடுத்த நான்கு: நடையை 30 நிமிடமாக்கி, பையில் 3 கிலோ அரிசி போட்டு, வாரம் ஒரு கிலோ கூட்டுங்கள். 5 லிட்டர் கேன் இரண்டைப் பிடித்து 40 மீட்டர், நான்கு முறை. பிறகு 10 லிட்டர். தரையில் மல்லாந்து படுத்து எழுவது ஐந்து முறை. கேட்கச் சின்னதாகத் தோன்றினாலும், வழுக்கி விழுந்தவர் எழுந்து நடக்க இதுதான் வேண்டும்.

கடைசி நான்கு: வாரம் ஒருநாள் ஏற்றத்தில் 15 விநாடி முழு வேகம், இரண்டு நிமிடம் ஓய்வு, ஐந்து தடவை. மாதம் இருமுறை, யானை நடமாட்டம் இல்லாத தோட்ட ரோட்டில், இரண்டு மூன்று பேராக டார்ச் வெளிச்சத்தில் இரவு நடை.

கெடுவது பெரும்பாலும் அவசரத்தால்தான். முதல் வாரமே 10 கிலோ மாட்டி இறங்கினால் முட்டி வீங்கும். முட்டியைக் கெடுப்பது ஏற்றத்தைவிட இறக்கம்தான். சின்ன அடியாக, முழங்காலைச் சற்று மடக்கி, கம்பு ஊன்றி இறங்குங்கள். ஹவாய் செருப்பு ஈரக் கல்லில் வழுக்கும். ஆடியில் கதவருகே பூட்ஸ் இருக்கட்டும், உள்ளே தேளும் அட்டையும் இருக்கிறதா என்று தட்டிப் போடுங்கள்.

சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. நான் செய்யலாமா?

நடை உங்களுக்குத்தான் அதிகம் தேவை. ஆனால் பிரஷர் 180/110-ஐத் தொட்டிருந்தால், அது குறையும்வரை கனம் தூக்க வேண்டாம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ வந்தால் நின்று 108-ஐ அழையுங்கள். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலமாகப் பையில் வையுங்கள். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே வாயில் போட வேண்டும்.

பெண்களுக்கு ஒன்று. வழக்கமான ஏற்றத்திலேயே மூச்சு வாங்கினால் "வயசாச்சு" என்று விடாதீர்கள். ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை, அதைச் சரிசெய்யாமல் எந்தப் பயிற்சியும் பலிக்காது.

எல்லையில் இருக்கிறோம். யாரைக் கூப்பிடுவது?

போலீஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டு மாநிலத்திலும் இதே எண்கள். ஆனால் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி போன்ற இடங்களில் போன் பக்கத்து மாநில டவரைப் பிடித்திருக்கலாம், அழைப்பும் அந்தப் பக்கம் போகலாம். அதனால் முதல் வாக்கியத்திலேயே மாநிலம், மாவட்டம், எஸ்டேட், டிவிஷன், லயத்தின் எண் சொல்லுங்கள். பிறகு என்ன நடந்தது, எத்தனை பேர். சிக்னல் கிடைக்கும் மேடு எது, அங்கே போக எத்தனை நிமிடம் என்று நடந்து பார்த்து, லயத்தின் சுவரில் எழுதி வையுங்கள்.